மாற்றுச் சாவி இல்லாத மண்டி

கிருபாராணி பிறந்தது 1980 நவம்பர் ஒன்பதாம் தேதி, போடிநாயக்கனூரில். தந்தை ஜீப்பு உதிரிபாகக் கடை வைத்திருந்தார். பி.காம். முடித்தது 2001 ஏப்ரலில். அதே ஆண்டு ஜூன் நான்காம் தேதி பெத்துராஜ் அவர்களின் ஏலக்காய் மண்டியில் கணக்கெழுதச் சேர்ந்தார். திருமணம் 2006 மே 25. கணவர் ஜெபகுமார், போடிமெட்டுக்கு அப்பால் உள்ள ஓர் ஏலத்தோட்டத்தில் மேற்பார்வையாளர். ஒரே மகள், 2007-இல் பிறந்தவள், மதுரையில் விடுதியில் தங்கி நர்சிங் படிக்கிறாள். கணவர் குடியிருந்தது மலையில். மனைவி குடியிருந்தது போடியில். இது பிணக்கால் வந்த ஏற்பாடு அன்று. ஜீப்பால் வந்தது.

காலை ஆறு மணிக்குத் தோட்ட வேலையாட்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் போடியிலிருந்து கிளம்பிப் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறும். மாலை நாலரைக்கு மேல் அவர்களை இறக்கிக்கொண்டு வரும். மலையில் வீடும் போடியில் சோலியும் உள்ளவர்க்கு வேண்டியது இதன் தலைகீழ். அப்படியொரு ஜீப்பு எந்தக் காலத்திலும் ஓடியதில்லை. பஸ்சை நம்பலாமென்றால், அது தோட்டத்துக்குப் பிரியும் மண்சாலையின் முனையோடு சரி. அங்கிருந்து ஐந்து கிலோமீட்டர், காட்டுமாடு உலவும் வழி. ஜெபகுமாராவது இறங்கி வரலாமென்றால், பறிப்புக் காலத்தில் பச்சைக்காய் உலர்த்தும் ஸ்டோரை விட்டு வார நாளில் அவர் அசைய முடியாது. ஆகவே சனிக்கிழமை மாலை வேலையாட்களோடு இறங்குவார், திங்கட்கிழமை காலை வேலையாட்களோடு ஏறுவார். பள்ளியில் படிக்கும் காலத்தில் மகள் அவரை 'ஞாயித்துக்கிழமை அப்பா' என்றே சொல்வாள். அந்தப் பெயரைக் கேட்டு மூவரும் சிரிப்பார்கள். அதில் இருவர் சற்று முன்னதாகவே சிரிப்பை நிறுத்திக்கொள்வார்கள்.

மண்டியைப் பற்றி இரண்டு செய்திகள் தெரிந்திருக்க வேண்டும். முதலாவது, 2009-இல் பேரேடு முழுவதையும் கணினிக்கு மாற்றியவர் கிருபாராணி. மதுரையிலிருந்து வந்த பொறியாளர் ஒரு நாள் முழுக்க இருந்து எல்லாவற்றையும் பொருத்திவிட்டுப் போனார். அவர் எந்த ஒயரை எங்கே செருகினார், எதை எதற்கு முன் அழுத்தினார் என்பதையெல்லாம் கிருபாராணி ஒரு நீளநோட்டில் எழுதி வைத்துக்கொண்டார். அந்தப் பொறியாளரை மறுபடி கூப்பிட வேண்டிய தேவை வரவேயில்லை.

இரண்டாவது, சாவி. பெத்துராஜின் சரக்குக் கிட்டங்கிக்கு ஒரே பூட்டு, ஒரே சாவி. 1994-இல் ஒருவர் தம் வசதிக்காக அதற்கு மாற்றுச் சாவி செய்து வைத்திருந்தது தெரிந்தது. அன்று மாலையே அவர் கணக்கு முடித்து அனுப்பப்பட்டார். அதன் பிறகு சாவி ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்குப் போகுமே தவிர, எண்ணிக்கையில் கூடாது. 'ரெண்டாவது சாவி' என்ற சொல்லையே மண்டியில் எவரும் வாயால் சொல்வதில்லை.

2024 ஜூலையில் மண்டிக்கு ஒரு சிக்கல் வந்தது. பில் போடும் முனீஸ்வரி குரங்கணியில் காப்பித்தோட்டக்காரர் வீட்டுக்கு மருமகளாகப் போயிருந்தாள். பறிப்புக் காலத்தில் மண்டி சாத்த இரவு எட்டாகும். குரங்கணிக்குக் கடைசி பஸ்சு அதற்கு வெகு முன்பே போய்விடும். வேலையை விடுவதாகச் சொல்லிவிட்டாள். அவளோடு பில் போடும் சுசித்ரா ஏப்ரலில் ஆண் குழந்தை பெற்றுத் தேவாரத்தில் தாய்வீட்டில் விடுப்பில் இருந்தாள். இரண்டு நாற்காலி காலி. அறுபத்தொன்பது வயதுப் பெத்துராஜ், 'கணக்கு எழுத ஆட்கள் தேவை' என்று ஒரு தாளில் எழுதிக் கண்ணாடி மேசைக்கடியில் செருகி வைத்தார். அச்சுக்குக் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி.

"அண்ணாச்சி, ஆளை மாத்த வேண்டாம்" என்றார் கிருபாராணி. "கணக்கு இங்கயே இருக்கட்டும். அவங்க அவங்க வீட்டுல இருந்து எழுதட்டும்."

"எப்படி? கொழுக்குமலையில ஏறி நின்னு எட்டிப் பாப்பாங்களாக்கும்?"

"வி.பி.என்.னு ஒண்ணு இருக்கு அண்ணாச்சி."

"அது யாரு?"

"ஆளு இல்ல. வழி. இன்டர்நெட்டுக்குள்ளயே நமக்குன்னு தனியா ஒரு வழி."

பெத்துராஜ் கண்ணாடியைக் கழற்றினார். "ஏலத்துல நம்ம லாட்டு போன விலை, யாருக்கு எந்தத் தரம் போச்சு, அம்புட்டும் ஊருக்கு நடுவுல போகும். எவனெவன் பாப்பானோ!"

இந்த இடத்தைக் கிருபாராணி முன்கூட்டியே யோசித்து வைத்திருந்தார். பெத்துராஜின் தந்தை மாட்டுத் தரகர். அவர் சந்தையில் துண்டுக்குள் கையை விட்டு, விரலைப் பிடித்து விலை பேசிய கதையை மண்டியில் கேட்காதவர் கிடையாது.

"உங்க அப்பா சந்தைக்கு நடுவுல நின்னுதானே விலை பேசுனாரு? நூறு பேரு சுத்தி நின்னாங்கல்ல?"

"நின்னான். நின்னு என்ன? துண்டுதான் தெரியும். உள்ள புடிச்சது ரெண்டு விரலா மூணு விரலான்னு அவருக்குத் தெரியும், வாங்குறவனுக்குத் தெரியும்."

"இதுவும் அதேதான். ஏதோ போகுதுன்னு எல்லாருக்கும் தெரியும். என்ன போகுதுன்னு ரெண்டு முனையில இருக்கவங்களுக்கு மட்டுந்தான் தெரியும்."

பெத்துராஜ் தம் தோளில் கிடந்த துண்டை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார். "கிழியாத துண்டா இருக்கணும்" என்றார். பிறகு, "இதுல உனக்கு என்னம்மா ஆதாயம்?"

பொய் சொல்லிப் பழகாத வாய். "நானும் மலைக்குப் போயிருவேன் அண்ணாச்சி."

கிருபாராணியின் திருமணத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர் பெத்துராஜ். சுவர்க் காலண்டரைப் புரட்டினார். "ஆகஸ்ட் அஞ்சுலருந்து முப்பது நாள். நீயும் அந்தக் குரங்கணிப் புள்ளையும் மட்டும். மூணு நாள் வரைக்கும் நின்னு போனாப் பொறுத்துக்கிறேன். நாலாவது நாள் நின்னுச்சுன்னா, இந்தத் தாளு அச்சுக்குப் போகும். நீ மூட்டையைக் கட்டிக்கிட்டு எறங்கி வந்துரணும். சரியா?"

"சரி அண்ணாச்சி."

பழைய கணினி ஒன்று மண்டியின் மேல்தட்டில் தூசியோடு கிடந்தது. அதைத் துடைத்து, இலவசமாகக் கிடைக்கும் மென்பொருளை ஏற்றி, மண்டிக்கு வாசலாக நிறுத்தினார் கிருபாராணி. கரண்டு போனால் வாசல் சாத்திக்கொள்ளக் கூடாதென்று தனியாக ஒரு பேட்டரி வைத்தார். மண்டியின் இணைய முகவரி நாளுக்கொன்றாக மாறாதிருக்க நிலையான முகவரி வாங்கினார். பிறகு ஆளுக்கொரு சாவி. அது இரும்புச் சாவி அன்று. எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு வரி. சிறு கோப்பாக அவரவர் கணினியில் இருக்கும். வாசல் அதை வைத்துத்தான் வருபவர் இன்னார் என்று அடையாளம் காணும். நீளநோட்டில் புதிய பக்கம் திறந்து, 'சாவி 1: கிருபாராணி. சாவி 2: முனீஸ்வரி' என்று எழுதினார்.

சோதித்துப் பார்த்தது தம்பி நடத்தும் உதிரிபாகக் கடையில். கியர் எண்ணெய் டப்பாக்களுக்கு நடுவே மடிக்கணினியைத் திறந்து, சாவியைக் காட்டி, பேரேட்டைக் கேட்டார். இரண்டு தெரு தள்ளியிருந்த மண்டியிலிருந்து அன்று காலை அவரே போட்ட பில் வந்து திரையில் நின்றது. அவருக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது. கடையில் வாடிக்கையாளர்கள் இருந்ததால், டப்பா ஒன்றைத் தட்டிவிட்டு எழுந்துகொண்டார்.

ஆகஸ்ட் ஐந்து, திங்கட்கிழமை. கிருபாராணி வாழ்க்கையில் முதன்முறையாக வேலையாட்களோடு காலை ஜீப்பில் ஏறினார். தோட்டத்து அலுவலகத்துக்கு வந்திருந்த இணையக் கம்பியிலிருந்து ஜெபகுமாரின் குடியிருப்புக்கு ஓர் இழை இழுத்திருந்தார்கள். ஏலக்காய்ப் பெட்டிகள் இரண்டை அடுக்கி மேசையாக்கி, ஒரு முக்காலி போட்டு, எட்டு மணிக்கு மண்டியைத் திறந்தார். பத்து மணிக்குத் தேநீருக்கு வந்த ஜெபகுமார் வாசலில் நின்றுவிட்டார்.

"என்னங்க, உள்ள வாங்க. உங்க வீடுதான்."

"இல்ல... வார நாள்ல இங்க யாரும் இருக்க மாட்டாங்களே!"

செவ்வாய்க்கிழமைக் கிருபாராணி எப்படியிருப்பார் என்பது ஜெபகுமாருக்குத் தெரியாது. பதினெட்டு ஆண்டுகளாக அவர் அறிந்ததெல்லாம் ஞாயிற்றுக்கிழமைக் கிருபாராணியை. செவ்வாய்க்கிழமைக் கிருபாராணி எண்களோடு வாய்விட்டுச் சண்டை போடுபவர், தேநீரை ஆறவிட்டுக் குடிப்பவர், குறுக்கே பேசினால் கையை மட்டும் உயர்த்துபவர். கிருபாராணியும் தம் பங்குக்குக் கண்டுபிடித்தார்: சவரம் செய்யும்போது கணவர் தேவாலயத்து ஞானப்பாட்டு பாடுகிறார், அதுவும் சுருதி பிசகி, கருவாட்டை மனைவியைவிட நன்றாக வறுக்கிறார். செய்தியைக் கேட்ட மகள் போனில் புலம்பினாள். "ரெண்டு பேரும் தனித்தனியா இருந்தாத்தான் ரெண்டு பக்கமும் எனக்குச் செலவுக்குக் காசு வரும். இப்ப கூடிக் கூடிப் பேசுவீங்களே!"

இரண்டு வாரம் துண்டு கிழியவில்லை.

ஆகஸ்ட் 19, திங்கட்கிழமை, முனீஸ்வரி கூப்பிட்டாள். "அக்கா, பில்லு பாதியில நிக்குது. வருது, போகுது, வருது." முற்பகலில் ஒன்றரை மணி நேரம் அப்படி, பிறகு தானே சரியானது. பிற்பகலில் மறுபடியும். கிருபாராணியின் இணைப்பிலோ எந்தக் குறையும் இல்லை. பெத்துராஜ் காலண்டரில் சிவப்பு மையால் ஒரு பெருக்கல் குறி போட்டார். செவ்வாய்க்கிழமையும் அதே கதை, இரண்டாவது குறி.

மழையோ என்றார் கிருபாராணி. குரங்கணியில் வெயில் அடித்தது. மோடத்தை மாற்றச் சொன்னார்; மாற்றியும் பயனில்லை. தம் பக்கத்துக் கம்பியாலும் ஏதேனும் குழப்பம் வருமோ என்ற ஐயத்தில் ஜெபகுமாரிடம் சொல்ல, அவர் மூங்கில் கம்போடு கிளம்பி, கம்பி போகும் வழியெல்லாம் நடந்து, அதில் ஊஞ்சலாடிய ஒரு குரங்கை இரண்டு நாளும் விரட்டினார். குரங்கு இரண்டு நாளும் திரும்பி வந்தது.

புதன்கிழமை முற்பகலும் அதுவே நிகழ்ந்தது. மூன்றாவது குறி விழுந்துவிட்டது. இனி ஒரு நாள் நின்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். பகலுணவுக்குப் பின் கிருபாராணி நீளநோட்டை எடுத்து, மூன்று நாள் நேரங்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினார். காலை பத்து முப்பத்தைந்திலிருந்து ஏறத்தாழ பன்னிரண்டு, செவ்வாயன்று மட்டும் பதினொன்றே கால். மதியம் இரண்டு ஐந்திலிருந்து மூன்று இருபது. மழைக்கும் குரங்குக்கும் இத்தனை ஒழுங்கு கிடையாது. இரண்டு மணிக்கு மண்டி வாசலின் பட்டியலைத் திரையில் திறந்துவைத்துக்கொண்டு கண்கொட்டாமல் உட்கார்ந்தார். எந்தச் சாவி கடைசியாக எந்த முகவரியிலிருந்து வந்தது என்று காட்டும் பட்டியல் அது.

இரண்டு ஐந்து ஆயிற்று. முனீஸ்வரி என்ற பெயருக்கு எதிரே இருந்த முகவரி மாறியது. பத்து விநாடியில் பழைய முகவரிக்குத் திரும்பியது. மறுபடி மாறியது. முனீஸ்வரி ஒரே நிமிடத்தில் இரண்டு ஊரில் இருந்தாள்.

கிருபாராணி போனை எடுத்தார். "முனீஸ்வரி, நீ இப்ப எங்க இருக்கே?"

"எங்கக்கா போவேன்? வீட்டுலதான். மாமியா கூப்புட்டுக்கூட எந்திரிக்கல."

"குரங்கணியிலயா?"

"ஆமாக்கா."

"அப்ப இன்னொரு முனீஸ்வரி எங்க இருக்கா?"

முனீஸ்வரி குரலை இறக்கினாள். "அக்கா, திட்டாதீங்க. சுசித்ராட்டக் குடுத்தேன்."

"எதை?"

"சாவியை. பில்லு குமிஞ்சு போச்சுக்கா. அவளும், 'என் எடத்துக்கு ஆள் எடுக்கப் போறாங்களாம், நான் சும்மா உக்காந்திருந்தா எப்படி'ன்னு அழுதா. பாதியை நான் போடுறேன்னா. பென் டிரைவுல போட்டு பஸ்சுல குடுத்தனுப்புனேன்."

"எங்கிட்டக் கேட்டிருந்தா அவளுக்குத் தனிச்சாவி போட்டுருப்பேனே!"

"அண்ணாச்சி மண்டியில ரெண்டாவது சாவியா? யாருக்கா கேப்பா? நான் டூப்ளிகேட் போடலக்கா. கைமாத்தித்தான் குடுத்தேன்."

"கைமாத்துனா உங்கிட்ட இருந்ததை அழிச்சிருக்கணும்ல?"

"அழிச்சுட்டா நான் எப்படிக்கா சோலி பாக்குறது?"

கிருபாராணிக்குக் கோபம் வர வேண்டிய இடம், சிரிப்புத்தான் வந்தது. வாசல் கடைசியாகக் கேட்ட குரலுக்குத்தான் பதில் சொல்லும். ஒரே சாவியோடு இருவர் நின்றால், குரங்கணி கேட்ட பில் தேவாரத்துக்குப் போகும். தேவாரம் கேட்டது குரங்கணிக்கு. மண்டியின் சட்டத்தை மீறிவிடக் கூடாதே என்ற பயபக்தியில்தான் இரண்டு பெண்களும் மண்டியையே நிறுத்தியிருந்தார்கள்.

அடுத்து சுசித்ராவைக் கூப்பிட்டார். "நீ எப்பெப்பம்மா வேலை பாக்குறே?"

"பய தூங்கையிலதாங்க்கா. பத்தரைக்குக் கண்ணு சொக்கும். பன்னெண்டு வரைக்கும் தூங்குவான். அப்புறம் ரெண்டுலருந்து மூன்றரை வரைக்கும்."

கிருபாராணி நோட்டைப் பார்த்தார். எல்லாம் சரியாகப் பொருந்தியது, ஒன்றைத் தவிர. "நேத்து பதினொன்னே காலுக்கே சரியாயிருச்சே?"

"நேத்து அவனை எறும்பு கடிச்சிருச்சுக்கா. வெள்ளன எந்திரிச்சுட்டான்."

மாலையில் கம்பும் கையுமாக வந்த ஜெபகுமார் முழுக் கதையையும் கேட்டார். "அப்ப நான் ரெண்டு நாளா கொரங்கை வெரட்டுனது?"

"அந்தக் கொரங்குக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைங்க."

"எங்கிட்டச் சொல்லிட்டே, சரி. அதுகிட்ட யாரு சொல்றது?" கம்பை மூலையில் சாத்தினார். பிறகு தாழ்ந்த குரலில், "இன்னொரு சாவி போட எம்புட்டு நேரமாகும்?"

"ரெண்டு நிமிசம்."

"போட்டுரு. கோளாறு சரியாப் போச்சுன்னு அண்ணாச்சிகிட்டச் சொல்லிரு. எதுக்கு மத்ததெல்லாம்? இத்தனை வருசத்துக்கு அப்புறம்..." பெட்டிகளை அடுக்கிய மேசையை, அதன்மேல் ஆறிப்போன தேநீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கிருபாராணியும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "சொல்லாமப் போட்டா அதுக்குப் பேருதாங்க கள்ளச்சாவி" என்றார்.

மறுநாள் வியாழக்கிழமை. சுசித்ராவிடம் அன்று கணினியைத் திறக்கவே வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஏலத்துக்குச் சரக்கு இறக்கும் ஜீப்பில் மூட்டைகளுக்கிடையே உட்கார்ந்து போடிக்கு வந்தார். பெத்துராஜ் முன்னால் நின்று, நடந்ததை நடந்தபடி, தேதி நேரத்தோடு சொன்னார். எறும்பைக்கூட விடவில்லை.

பெத்துராஜ் கடைசி வரை கேட்டார். முடிந்ததும் ஒரே கேள்வி. "அந்தப் புள்ள ஏன் எங்கிட்டக் கேக்கல?"

"இங்க ரெண்டாவது சாவி யாரும் கேக்க மாட்டாங்க அண்ணாச்சி. முப்பது வருசமாக் கேட்டதில்ல."

அவர் இடுப்பிலிருந்த கிட்டங்கிச் சாவியைத் தொட்டுப் பார்த்தார். "அப்ப மூணு நாளும் மண்டியை நிறுத்துனது நாந்தான்னு சொல்றே."

"நான் அப்படிச் சொல்லல அண்ணாச்சி."

"சொல்லல. எழுதிக் கொண்டாந்திருக்கே." முகம் இறுகித்தான் இருந்தது, வயிறு மட்டும் குலுங்கத் தொடங்கியது. பிறகு அடக்க முடியாமல் சத்தமாகவே சிரித்தார். எடை போட்டுக்கொண்டிருந்தவர்கள் தராசை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். "எறும்பு கடிச்சு மண்டி ஓடியிருக்கு!"

சிரிப்பு ஓய்ந்ததும் பெத்துராஜுக்குள் இருந்த தரகர் மகன் விழித்துக்கொண்டார். "இதுல எத்தனை சாவி போடலாம்?"

"எத்தனை வேணும்னாலும்."

அவர் உடம்பு லேசாகக் கூசியது. "ஒண்ணு தொலைஞ்சா? பூட்டையே மாத்தணுமே?"

"வேணாம். அந்தப் பேரை மட்டும் அடிச்சா அந்தச் சாவி செத்துரும். மத்தது ஓடும். யாரு எப்ப வந்தாங்கன்னும் தெரியும்."

பெத்துராஜ் இடுப்புச் சாவியை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். யார் எப்போது வந்தார்கள் என்று அது ஒருநாளும் சொன்னதில்லை. "அப்ப அது சாவியே இல்லம்மா. மொகம். ஒருத்தன் மொகத்தை இன்னொருத்தன் மாட்டிக்கிட்டு வந்தா வாசல்ல நிக்கிறவன் என்ன செய்வான்? சுசித்ராவுக்கு ஒரு சாவி போட்டு வையி. ஆனா லீவு முடியிற வரைக்கும் அதை அவ தொடக் கூடாது; புள்ள தூங்கையில அவளும் தூங்கச் சொல்லு. அப்புறம் எனக்கொண்ணு போடு."

"நீங்க இங்கதானே இருக்கீங்க அண்ணாச்சி?"

"சாயங்காலம் நான் வீட்டுக்குப் போனப்புறம் மண்டியில இருக்குற எம்மருமகன் கணக்குல என்ன எழுதுறான்னு பாக்க வேண்டாமா?"

கிருபாராணி தயக்கத்தோடு காலண்டரைப் பார்த்தார். பெத்துராஜும் பார்த்தார். "அதை அழிக்க மாட்டேன். நின்னது நின்னதுதான். மூணு மூணுதான். இன்னையோட சேத்துப் பதிமூணு நாள் இருக்கு."

அந்தப் பதிமூன்று நாளில் எட்டு நாள் ஓடிய பிறகு, ஆகஸ்ட் 30-ஆம் தேதி, மலையில் ஊற்றிய மழையில் ஒரு மரம் சாய்ந்து இணையக் கம்பியை அறுத்தது. மணி பதினொன்று இருபது. ஏல நாள், கிருபாராணியின் திரையில் நாற்பது லாட்டுகள் காத்துக்கிடந்தன. போனில் சிக்னல் கிடைக்கும் இடம் தோட்டத்தில் ஒன்றே ஒன்று: ஸ்டோரின் மாடிப்படி முடியும் இடத்தில், மேற்கூரை இல்லாத ஓர் அகலத் திட்டு. மடிக்கணினியை அணைத்துக்கொண்டு ஓடினார். ஜெபகுமாரின் போனிலிருந்து இணைப்பு எடுத்தார். மண்டி வாசல் அவரை எங்கிருந்து வருகிறாய் என்று கேட்கவில்லை. அதே சாவி, வேறு முகவரி. கடைசியாகக் கேட்ட குரலுக்கு அது பதில் சொல்லிற்று. போன வாரம் மண்டியை நிறுத்திய அதே குணம் இந்த வாரம் அதை ஓடவைத்தது.

ஜெபகுமார் குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். குடை ஒன்று, அதற்குள் இருவரும் ஒரு கணினியும். கணினி நனையவில்லை.

"கை வலிச்சாச் சொல்லுங்க, மாத்திப் புடிச்சுக்கலாம்."

"பதினெட்டு வருசக் கொடை இது. வலிக்காது. நீ எழுது."

ஒன்றரை மணிக்கு நாற்பதாவது லாட்டும் பதிவாயிற்று. பெத்துராஜ் அன்று மாலை கூப்பிட்டு, போடியில் நல்ல வெயில், அங்கே மழையுண்டா என்று மட்டும் விசாரித்தார்.

செப்டம்பர் மூன்றாம் தேதியோடு முப்பது நாள் முடிந்தது. மண்டியிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. கிருபாராணி அன்று பில்லில் இரண்டு பிழை செய்தார். இருபத்து மூன்று ஆண்டில் ஒரே நாளில் இரண்டு பிழை அதுவே முதல்முறை.

நான்காம் தேதி காலை வேலையாட்களின் ஜீப்பு வளைவு திரும்பும்போதே அதன் தலையில் ஏதோ ஆடிக்கொண்டு வருவது தெரிந்தது. உர மூட்டைகளுக்கு மேல், நாலு காலும் வானம் பார்க்க, கயிறு போட்டு இறுக்கிக் கட்டிய ஒரு மர நாற்காலி. பிரம்பு பின்னிய இருக்கை, வலக்கைப் பக்கம் மைக்கறை. 2001 ஜூன் நான்காம் தேதியிலிருந்து கிருபாராணி உட்கார்ந்த நாற்காலி.

"அண்ணாச்சி குடுத்துவிட்டாரு" என்றார் ஜீப்பு ஓட்டுநர் முனியசாமி. "நாற்காலி இல்லாத எடத்துக்கு இனி ஆளு வரவேண்டாம்னு சொல்லச் சொன்னாரு. அந்த விளம்பரத் தாளுல வடை மடிச்சுத் தின்னுட்டாராம், அதையும் சொல்லச் சொன்னாரு." சட்டைப்பையிலிருந்து சிட்டையை நீட்டினார். "சரக்கு வந்து சேந்ததுக்குக் கையெழுத்து வேணுமாம்க்கா."

சிட்டையில் 'நாற்காலி: 1' என்று இருந்தது. கிருபாராணி கையெழுத்திட்டுத் தேதியும் போட்டார்.

மண்டியின் தரை சரிவு. அதனால் நாற்காலியின் ஒரு காலுக்கடியில் மடித்த அட்டையை ஒட்டி வைத்திருந்தார்கள். மலைவீட்டின் தரை சமம். போட்டதும் நாற்காலி ஆடியது. ஜெபகுமார் குனிந்து அட்டையைப் பிய்த்தெடுத்தார். அதன்பின் ஆடவில்லை.

அதற்குப் பிறகு மண்டி வாசலுக்கு ஏழு சாவிகள் ஆயின. அவற்றில் ஒன்றை மட்டும் அடிக்க வேண்டி வந்தது; சந்தையில் போனைத் தொலைத்த பெத்துராஜின் சாவி. மறுநாளே தமக்குப் புதிது போடச் சொல்லிவிட்டு, கிட்டங்கிக்கு வழக்கம்போல் ஒரே சாவியைத்தான் இடுப்பில் செருகிக்கொண்டார். சுசித்ரா 2024 நவம்பரில் தன் சொந்தச் சாவியோடு வேலையில் சேர்ந்தாள். அவள் மகன் இப்போதெல்லாம் பகலில் தூங்குவதேயில்லை. முனீஸ்வரி தன் சாவியை மாமியாருக்குக்கூடக் காட்டுவதில்லை.

2025 ஆகஸ்ட் முடிய, மணமாகிப் பத்தொன்பது ஆண்டுகள். ஒரே வீட்டில், ஓர் ஆண்டு.